எவா அகோயின்: மசித்த பயறும் காரமான மிளகாய்ச் சாறும்
எண்ணெயும் உப்பும் குறைத்துச் சமைப்பது எப்படி?

நாம் காராமணி அல்லது தட்டைப்பயறு என்று அழைக்கும் பயறு ஆப்பிரிக்காவில் தோன்றியது. இன்று உலகில் அதை மிக அதிகமாக விளைவிக்கும் நாடு நைஜீரியா. அந்நாட்டின் பெரிய நகரமான லாகோசில் இந்தப் பயறைக் குழைய வேகவைத்து, கருஞ்சிவப்பான காரச் சாற்றை மேலே ஊற்றிச் சாப்பிடுகிறார்கள். இந்த உணவின் பெயர் ‘எவா அகோயின்’. யொரூபா மொழியில் ‘எவா’ என்றால் பயறு. ‘அகோயின்’ என்பது அருகிலுள்ள பெனின், தோகோ பகுதிகளிலிருந்து வந்து இதைச் சமைத்து விற்ற மக்களைக் குறிக்கும் பெயர். அப்பெண்கள் பானையைத் தலையில் சுமந்து தெருத்தெருவாக விற்றதால் இந்த உணவு புகழ்பெற்றது.

இதற்குப் பயன்படும் செம்பனை எண்ணெயும் நமக்குப் புதிதல்ல. செம்பனையின் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் சிலாங்கூரின் தெனமாரத்தில் தொடங்கப்பட்டது. பின்னாளில் நம்மவர் பலர் செம்பனைத் தோட்டங்களில் உழைத்தார்கள்.

இந்த உணவில் எது நல்லது, எதில் கவனம் தேவை?

பயறு நல்லது. கீழே உள்ள அளவில் சமைத்தால் ஒருவர் பங்கில் ஏறக்குறைய 14 கிராம் புரதம் கிடைக்கும். இது இரண்டு முட்டைகளில் இருப்பதைவிடச் சற்று அதிகம். வயது கூடும்போது தசை மெலிந்து கால்கள் பலமிழக்கின்றன. எழுந்து நிற்கவும், படியேறவும், விழாமல் நடக்கவும் தசை வலு வேண்டும். அதற்குப் புரதம் தேவை. பயறில் உள்ள நார்ச்சத்து மலச்சிக்கலைத் தடுக்கவும் உதவுகிறது. பயறு குழைந்து இருப்பதால், பல் இல்லாதவர்களும் பொய்ப்பல் அணிபவர்களும் எளிதாகச் சாப்பிடலாம்.

கவனம் தேவைப்படுவது சாற்றில்தான். கடைகளில் விற்கும் சாற்றில் எண்ணெய் மிதக்கும். உப்போடு சூப் கட்டிகளையும் சேர்ப்பார்கள். அந்தக் கட்டிகளிலும் உப்பு மிகுதி. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறக்குறைய 120 கலோரி உண்டு. செம்பனை எண்ணெயின் கொழுப்பில் ஏறக்குறைய பாதி, கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டும் நிறைவுற்ற கொழுப்பு. ஆகவே பயறை அப்படியே வைத்துக்கொண்டு, சாற்றை மட்டும் மாற்றிச் செய்வோம்.

தேவையான பொருள்கள் (4 பேருக்கு)

பயறுக்கு:
• காராமணி – 250 கிராம்
• வெங்காயம் – பாதி

சாற்றுக்கு:
• சிவப்புக் குடைமிளகாய் – 3
• காய்ந்த மிளகாய் – 6 (காரம் தாங்காதவர்கள் 2 அல்லது 3)
• பெரிய வெங்காயம் – 2
• கூனி (காய்ந்த சிறு இறால்) – 1 மேசைக்கரண்டி
• சமையல் எண்ணெய் – 3 மேசைக்கரண்டி
• உப்பு – அரைத் தேக்கரண்டி (பயறுக்கும் சேர்த்து)

சைவ உணவு உண்பவர்களும் இறால் ஒவ்வாமை உள்ளவர்களும் கூனியை விட்டுவிடலாம்.

செய்முறை

1. பயறைக் கல் நீக்கிக் கழுவி, இரவு முழுவதும் நீரில் ஊற வையுங்கள். மறுநாள் அந்த நீரைக் கொட்டிவிடுங்கள். இதனால் பயறு சீக்கிரம் வேகும். வாயுத் தொல்லையும் குறையும்.

2. புதிய நீர் ஊற்றி, நறுக்கிய பாதி வெங்காயத்தைச் சேர்த்து வேகவையுங்கள். சாதாரணப் பாத்திரத்தில் 45 நிமிடம் முதல் 1 மணி நேரம் ஆகும். பிரஷர் குக்கரில் 15 முதல் 20 நிமிடம் போதும். விரலால் அழுத்தினால் பயறு நசுங்க வேண்டும். அதன்பின் மரக்கரண்டியால் மசியுங்கள். நைஜீரியாவில் விரைவில் வேகுவதற்காகச் சிலர் ‘கவுன்’ என்ற கார உப்பைப் போடுவதுண்டு. ஊற வைத்த பயறுக்கு அதுவும் வேண்டாம், சோடா உப்பும் வேண்டாம்.

3. காய்ந்த மிளகாயைச் சுடுநீரில் 15 நிமிடம் ஊற வையுங்கள். குடைமிளகாயுடன் சேர்த்துக் கொரகொரப்பாக அரையுங்கள். அரைத்த விழுதை எண்ணெய் இல்லாமல் வாணலியில் ஊற்றி, நீர் வற்றிக் கெட்டியாகும்வரை மிதமான தீயில் கிளறுங்கள். நீர் முதலிலேயே வற்றிவிட்டால், பிறகு வதக்கக் குறைந்த எண்ணெயே போதும்.

4. வேறொரு வாணலியில் எண்ணெயைக் காயவைத்து, மெல்லியதாக அரிந்த வெங்காயத்தைச் சிறு தீயில் 15 முதல் 20 நிமிடம் வதக்குங்கள். வெங்காயம் நன்றாகப் பழுப்பேற வேண்டும், ஆனால் கருகக்கூடாது. கருகினால் சாறு கசக்கும்.

5. கெட்டியான விழுதை வெங்காயத்தோடு சேர்த்து, மேலும் 15 நிமிடம் சிறு தீயில் கிளறுங்கள். அடிப்பிடித்தால் எண்ணெய்க்குப் பதிலாக ஒரு கரண்டி நீர் தெளியுங்கள். நிறம் கருஞ்சிவப்பாக மாறும்போது, பொடித்த கூனியையும் உப்பையும் போட்டு இறக்குங்கள்.

லாகோசில் செம்பனை எண்ணெயைப் புகையும்வரை காய்ச்சி, அதன் சிவப்பு நிறம் போனபின் சமைப்பார்கள். வீட்டில் இப்படிச் செய்யாதீர்கள். தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. மிளகாய் வதக்கும்போது சன்னலைத் திறந்து வையுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் அடுப்பருகே நிற்க வேண்டாம்.

எப்படிச் சாப்பிடுவது?

லாகோசில் இதை ‘அகெகே’ என்ற மிருதுவான வெள்ளை ரொட்டியோடு சாப்பிடுவது வழக்கம். பயறிலும் மாவுச்சத்து இருக்கிறது. எனவே ரொட்டியையோ சோற்றையோ குவித்துக்கொள்ளாதீர்கள். ‘கால்-கால்-அரை’ முறையை நினைவில் கொள்ளுங்கள்: கால் தட்டு மசித்த பயறு, கால் தட்டுக்கு மேற்படாமல் முழுத்தானிய ரொட்டி அல்லது சோறு, அரைத் தட்டு காய்கறியும் பழமும். வெள்ளரிக்காய், தக்காளி, வதக்கிய கீரை ஆகியவை காரத்திற்கு ஏற்ற துணை. சாற்றைப் பயறின் மேல் இரண்டு மேசைக்கரண்டி ஊற்றிக்கொள்ளுங்கள். அது போதும்.

பயறு அதிகம் சாப்பிட்டுப் பழகாதவர்கள் முதலில் அரைக் கோப்பையில் தொடங்குங்கள். சில வாரங்களில் வயிறு பழகிவிடும். தண்ணீரும் போதுமான அளவு குடியுங்கள்.

இவர்கள் கவனமாக இருக்க வேண்டும்

• சிறுநீரக நோய் உள்ளவர்கள்: பயறில் பொட்டாசியமும் பாஸ்பரசும் உண்டு. எவ்வளவு சாப்பிடலாம் என்று மருத்துவரிடமோ உணவியல் நிபுணரிடமோ கேளுங்கள். உப்புக்குப் பதிலாக விற்கப்படும் பொட்டாசியம் உப்பையும் கேட்காமல் பயன்படுத்தாதீர்கள்.

• நீரிழிவு (இனிப்பு நீர்) உள்ளவர்கள்: வெள்ளைச் சோற்றைவிடப் பயறு இரத்தச் சர்க்கரையை மெதுவாகவே உயர்த்தும். ஆனால் சோற்றுக்கு மேல் கூடுதலாக அல்ல, சோற்றின் ஒரு பகுதிக்குப் பதிலாகவே அதைச் சாப்பிட வேண்டும். மருந்தை நீங்களாகக் குறைக்காதீர்கள்.

• இரத்த அழுத்தம் உள்ளவர்கள்: ஒரு நாளுக்கான மொத்த உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும். சூப் கட்டி சேர்க்காதீர்கள்.

• நெஞ்செரிச்சல், கேஸ்ட்ரிக் உள்ளவர்கள்: காய்ந்த மிளகாயை விட்டுவிட்டுக் குடைமிளகாயை மட்டும் பயன்படுத்துங்கள். நிறமும் இனிப்புச் சுவையும் குறையாது.

• விழுங்கச் சிரமப்படுபவர்கள்: தோல் இல்லாதபடி பயறை வடிகட்டியில் தேய்த்து மசித்துக் கொடுங்கள். உண்ணும்போது இருமலோ புரையேறலோ அடிக்கடி ஏற்பட்டால் மருத்துவரைப் பாருங்கள்.

காராமணிக்குப் பதிலாக ராஜ்மாவா?

சிறுநீரக வடிவிலான பெரிய சிவப்புப் பயறு ராஜ்மா. அரைவேக்காட்டு ராஜ்மா கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும். வயதானவர்களின் உடலில் நீர் குறைவது ஆபத்தானது. ராஜ்மாவைக் குறைந்தது 5 மணி நேரம் ஊற வைத்து, நீரைக் கொட்டி, புதிய நீரில் 30 நிமிடம் நன்றாகக் கொதிக்க வையுங்கள். குறைந்த சூட்டில் மெதுவாகச் சமைக்கும் மின்சட்டியில் பச்சை ராஜ்மாவை நேரடியாகப் போடாதீர்கள்.

மீதமானால்

நமது வெப்பத்தில் வெந்த பயறு விரைவில் புளித்துவிடும். சமைத்த 2 மணி நேரத்திற்குள் பயறையும் சாற்றையும் தனித்தனியே மூடிக் குளிர்பெட்டியில் வையுங்கள். இரண்டு நாட்களுக்குள், ஆவி பறக்கச் சூடாக்கிச் சாப்பிடுங்கள்.

நினைவில் கொள்ளுங்கள்

✓ பயறை ஊற வையுங்கள், குழைய வேகவையுங்கள்.
✓ விழுதின் நீரை முதலில் வற்றவையுங்கள். எண்ணெய் தானாகக் குறையும்.
✓ உப்பைக் கடைசியில், அளந்து போடுங்கள்.
✓ பயறு தாராளமாக, சாறு அளவாக.

உங்களுக்கு ஏற்ற அளவு எது என்பதை அடுத்த முறை சுகாதாரக் கிளினிக் செல்லும்போது கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.