மெல்லொலிக்கு வழிவிடும் பல்லியம்

கோயில் திருவிழா நாளில் ஆத்தூர்க் கடைவீதியில் நாகசுரமும் தவிலும் முழங்கினால், அடுத்த தெருவிலும் கேட்கும். அவற்றின் நடுவே ஒருவர் வீணை மீட்டினால் அருகில் நிற்பவர் செவிக்கும் அது எட்டுவது அரிது. இது வாசிப்பவரின் குறையன்று, கருவியின் இயல்பு. மீட்டிய நரம்பின் ஒலி, எழுந்த கணமே தேயத் தொடங்கிவிடும். வில்லால் இழைக்கும் வயலினைப் போலவோ, ஊதும் குழலைப் போலவோ அதனை வளர்த்துச் செல்ல இயலாது.

ஆறு நரம்புகள் கொண்ட கித்தாரும் இத்தகையதே. தனிக்கருவி ஒன்றும் பல்லியமும் உரையாடுமாறு அமையும் இசைக்கோவையை மேலைநாட்டார் கன்செர்ட்டோ என்பர். கித்தாருக்கு அத்தகைய கோவை எழுதுபவர் முதலில் தீர்க்க வேண்டிய சிக்கல், பல்லியத்தை எங்கே அடக்குவது என்பதுதான். கருவிகள் ஒன்றையொன்று அனுசரித்து இசைக்கும் முறை நமக்குப் புதிதன்று. மாதவியின் அரங்கேற்றத்தில் குழலை யாழும், யாழைத் தண்ணுமையும், தண்ணுமையை முழவும் பின்பற்றியதை இளங்கோவடிகள் முறையாகக் காட்டுகிறார்.

ஸ்பெயின் நாட்டு இசைமேதை யோவாக்கின் ரோட்ரிகோ, மூன்று வயதில் பார்வையிழந்தவர். பிரெயில் முறையில் இசை எழுதியவர். பியானோ பயின்ற அவர் கித்தார்க் கலைஞர் அல்லர் என்பது வியப்பளிக்கும். 1939இல் பாரிசில் அவர் இயற்றிய 'அரான்ஹுவெஸ் கன்செர்ட்டோ' 1940 நவம்பர் 9 அன்று பார்சிலோனாவில் அரங்கேறியது. அதில் முரசுகள் இல்லை; டிராம்போனும் இல்லை. தொடக்கமே கித்தாருடையது. இரண்டாம் பகுதியில், நாகசுரத்தைப் போலச் சீவாளி வைத்து ஊதும் இங்கிலீஷ் ஹார்ன் நெடிய மெட்டு ஒன்றை இசைக்க, கித்தார் அடியில் நின்று தாங்குகிறது. பின்னர் அதே மெட்டைக் கித்தார் ஏற்கும்போது, நீட்ட முடியாத சுரங்களின் இடைவெளியைப் பொடிச்சுரங்களால் நிரப்புகிறது. கருவியின் குறையே அங்கு அணியாகிவிடுகிறது! உணர்ச்சி உச்சத்தை எட்டும்போது பல்லியம் முழுவதும் அம்மெட்டை எடுத்துக்கொள்கிறது. அங்கே கித்தார் மௌனம் காக்கிறது. இந்த மௌனத்தையும் எழுதத் தெரிந்திருப்பதே இசையமைப்பாளரின் தேர்ச்சி.

இதே சிக்கலை இந்திய இசையின் பக்கமிருந்து சந்தித்தவர் பண்டிட் ரவிசங்கர். லண்டன் சிம்பொனி இசைக்குழுவுக்காக அவர் இயற்றிய சித்தார் கன்செர்ட்டோ 1971இல், ஆந்த்ரே பிரெவின் நெறியாள்கையில் அரங்கேறியது. கமாஜ், சிந்து பைரவி, அடாணா, மாஞ்ச் கமாஜ் என நான்கு பகுதிகள். சித்தாரும் மீட்டும் கருவிதான். ஆயினும் இங்கு ஒலியளவோடு வேறொரு சிக்கலும் சேர்ந்தது. இராகம் கலைஞனின் கற்பனையால் வளர்வது; பல்லியமோ எழுதியதை எழுதியவாறே வாசிப்பது.

ஒலிபெருக்கி வந்தபின் இச்சிக்கல் தீர்ந்தது என்று சொல்வோர் உளர். அது பாதி உண்மையே. ஒலிபெருக்கி நரம்பின் ஒலியைப் பெரிதாக்கும்; அது தேய்வதை நிறுத்தாது.