வெளிநாட்டு விற்பனைப் பணம்: எந்த வழியில் பெறுவது?

ஆதனக்கோட்டை முந்திரி, ஆலங்குடி வட்டாரத்து நிலக்கடலை, செட்டிநாட்டுப் பலகாரம், வடகம், மசாலாப் பொடி ஆகியவற்றுக்கு வெளிநாட்டிலிருந்து ஆர்டர் வருவது இன்று அதிசயமல்ல. நமது மாவட்டத்திலிருந்து சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகளுக்குச் சென்றிருப்போர் பலர். முதலில் அவர்கள் கேட்கிறார்கள். பிறகு அவர்களுடைய அண்டை வீட்டார் கேட்கிறார்கள். சில மாதங்களில் அங்குள்ள கடைக்காரரே பத்துக் கிலோ, இருபது கிலோ என்று கேட்கிறார். சரக்கு அனுப்பத் தபால் நிலையமும் கூரியரும் இருக்கின்றன. ஆனால் பணத்தை எந்த வழியில் பெறுவது என்ற கேள்வியில்தான் நமது சிறு வியாபாரிகள் தடுமாறுகிறார்கள்.

'எந்தச் சேவையில் கமிஷன் குறைவு?' என்பதே பலரும் கேட்கும் முதல் கேள்வி. அது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி என்பது நமது கருத்து. பணம் வந்து சேர்ந்தால் மட்டும் போதாது. அது ஏற்றுமதிப் பணமாக, உரிய சான்றுடன் வந்து சேர வேண்டும். இதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

நமக்குப் புதிதல்ல

புதுக்கோட்டை சமஸ்தானம் 1948 மார்ச்சில் இந்திய யூனியனுடன் இணையும் வரை தனி அரசாக இருந்தது. அம்மன் காசு என்ற தனிச் செப்புக் காசும் இங்கு இருந்தது. இரண்டு வகை நாணயத்தை வைத்துக் கணக்கு முடிப்பதும், மாற்றும்போது பிடிக்கும் வட்டம் எவ்வளவு என்று பார்ப்பதும் நமது முன்னோர்களுக்குப் பழக்கமானவை. கடல் கடந்து தொழில் செய்த நகரத்தார் இரங்கூன், பினாங்கு, கொழும்பு ஆகிய ஊர்களிலிருந்து உண்டியல் மூலம் பணத்தை நகர்த்தினார்கள். அந்த உண்டியல் தாளில் தொகை, தவணை, கொடுப்பவர், பெறுபவர் எல்லாம் எழுதப்பட்டிருக்கும். 'எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா' என்ற பழமொழி வியாபாரிகளுக்கு நன்றாகத் தெரிந்ததே.

இன்று 'உண்டியல்' என்ற பெயரில் நடக்கும் கணக்கில் வராத பணமாற்று வேறு. 2000 ஜூன் 1 முதல் நடைமுறையில் உள்ள அன்னியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின்படி அது குற்றம். 'அங்கே கொடுத்தால் இங்கே கொடுத்து விடுவார்கள், கமிஷனும் குறைவு' என்ற பேச்சை நம்பி விற்பனைப் பணத்தை அந்த வழியில் பெறுவது தொழிலுக்கே ஆபத்தாகும்.

2010-ல் நடந்தது

வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் இணையம் வழியாகப் பணம் பெற நமது நாட்டுச் சிறு விற்பனையாளர்கள் அக்காலத்தில் பெரிதும் நம்பியிருந்தது பேபால் என்ற அமெரிக்கச் சேவையை. 2010 பிப்ரவரியில் ஒழுங்குமுறைக் கேள்விகள் எழுந்தபோது, பேபால் கணக்கிலிருந்து இந்திய வங்கிக் கணக்குக்குப் பணம் மாற்றுவது சில வாரங்கள் நின்றது. சரக்கு போய்விட்டது, பணம் திரையில் தெரிந்தது, கைக்கு வரவில்லை.

அதே ஆண்டு நவம்பரில் ரிசர்வ் வங்கி இத்தகைய சேவைகளுக்கு விதிமுறை வகுத்தது. ஒரு ஏற்றுமதிக்கு 500 டாலர் வரைதான் இந்த வழியில் பெறலாம் என்றது. 2011 மார்ச் 1 முதல், வந்த பணத்தை ஏழு நாளுக்குள் இந்திய வங்கிக் கணக்குக்கு மாற்ற வேண்டும், பேபாலிலேயே வைத்துச் செலவு செய்யக் கூடாது என்ற நிலை ஏற்பட்டது. பிறகு உச்சவரம்பு 2011-ல் 3,000 டாலராகவும் 2013-ல் 10,000 டாலராகவும் உயர்ந்தது.

ஒரே சேவையை மட்டும் நம்பியிருந்தவர்கள் அப்போது தவித்தார்கள். நேரடி வங்கி வழியையும் வைத்திருந்தவர்கள் சமாளித்தார்கள். இந்தப் பாடம் இன்றும் பொருந்தும்.

முதல் கேள்வி: அனுமதி உண்டா?

2023 அக்டோபர் 31 அன்று ரிசர்வ் வங்கி, எல்லை கடந்த வணிகப் பணத்தை வசூலித்துத் தரும் நிறுவனங்களைத் தன் நேரடிக் கண்காணிப்பின் கீழ் கொண்டு வந்தது. வங்கியல்லாத நிறுவனம் இத்தொழிலைச் செய்ய ரிசர்வ் வங்கியின் ஒப்புதல் வேண்டும். 2025 செப்டம்பர் 15 அன்று வெளியான ஒருங்கிணைந்த விதிமுறையிலும் இது தொடர்கிறது. ஒரு பரிவர்த்தனைக்கு உச்சவரம்பு ரூ.25 லட்சம். பலசரக்கு, பலகார வியாபாரிக்கு இது தாராளம்.

ஒப்புதல் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை ரிசர்வ் வங்கி தனது இணையதளத்தில் வெளியிடுகிறது. எந்தச் சேவையில் சேரும் முன்பும் அதில் பெயர் இருக்கிறதா, 'எல்லை கடந்த' வகையில் ஏற்றுமதிக்கு ஒப்புதல் இருக்கிறதா என்று பார்த்துக் கொள்ள வேண்டும். உள்நாட்டு வசூலுக்கு மட்டும் அனுமதி பெற்ற நிறுவனமும் உண்டு. முகவர் வந்து காட்டும் வண்ண அட்டையை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

இரண்டாவது கேள்வி: என்ன சான்று தருவார்கள்?

இதுவே மிக முக்கியமானது. வெளிநாட்டிலிருந்து வந்த பணம் இன்ன பொருளை விற்றதற்காக வந்தது என்பதற்கு அன்னியச் செலாவணி வரவுச் சான்று வேண்டும். வங்கியில் எஃப்.ஐ.ஆர்.ஏ. என்று கேட்டால் புரியும். சரியான நோக்கக் குறியீட்டுடன் அது வந்தால்தான், நாம் அனுப்பிய ஏற்றுமதி பில்லுக்கு எதிராக வங்கி வரவு காட்டி முடிக்கும். முடிக்காத பில் நம் பெயரில் நிலுவையாகவே நிற்கும். ஏற்றுமதிக்காக ஜி.எஸ்.டி. தொகையைத் திரும்பப் பெற்றிருந்தால், பணம் உரிய காலத்தில் வந்ததைக் காட்ட முடியாதபோது அதைத் திருப்பிக் கட்ட நேரும்.

இங்கேதான் உறவினர் வழி இடிக்கிறது. சிங்கப்பூரில் உள்ள மைத்துனர் கணக்கில் வாங்கிக் கொண்டு, அவர் நமக்கு அனுப்புவது பலரிடம் உள்ள பழக்கம். 2023 பிப்ரவரி 21 அன்று நமது யு.பி.ஐ.யும் சிங்கப்பூரின் பேநவ்வும் இணைக்கப்பட்ட பிறகு இது இன்னும் எளிதாகத் தோன்றுகிறது. ஆனால் அந்த இணைப்பு குடும்பச் செலவுக்கும் அன்பளிப்புக்கும் தனிநபர் அனுப்பும் பணத்துக்காக ஏற்பட்டது. உறவினர் பணம் என்று வந்தது விற்பனைப் பணமாகக் கணக்கில் நிற்காது. கடைகளில் அடையாள எண் சொல்லி ரொக்கமாகப் பெறும் பணமாற்றுச் சேவைகளும் தனிநபர் தேவைக்கு மட்டுமே. வியாபாரப் பணத்துக்கு அங்கே அனுமதி இல்லை. ஆண்டுக்கணக்கில் நாணயமாக ஏற்றுமதி செய்தும், வங்கியில் கடன் கேட்கும்போது ஒரு ரூபாய்கூட ஏற்றுமதி வரவாகக் காட்ட முடியாமல் போவது எவ்வளவு பெரிய இழப்பு!

ஆகவே சேவை நிறுவனத்திடம் இப்படிக் கேளுங்கள்: ஒவ்வொரு வரவுக்கும் சான்று உண்டா? தனியாகக் கட்டணம் உண்டா? எத்தனை நாளில் கிடைக்கும்? பதில் மழுப்பலாக இருந்தால் வேறு இடம் பார்க்கலாம்.

மூன்றாவது கேள்வி: கையில் நிற்பது எவ்வளவு?

கமிஷன் என்று வெளியில் சொல்வது ஒன்று. டாலரை ரூபாயாக்கும்போது சந்தை விலையைவிடக் குறைத்துப் பிடிக்கும் வட்டம் இன்னொன்று. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு உதாரணக் கணக்கு. எண்கள் புரிதலுக்காக மட்டுமே.

விற்பனை 100 டாலர். சந்தையில் டாலர் ரூ.90 என்று கொள்வோம்.

முதல் நிறுவனம்: கமிஷன் 2.5 சதவீதம். மாற்றும்போது 4 சதவீதம் குறைவு. மிச்சம் 97.50 டாலர், விலை ரூ.86.40. கைக்கு வருவது ரூ.8,424.

இரண்டாவது நிறுவனம்: கமிஷன் 4 சதவீதம். மாற்றும்போது அரை சதவீதம் மட்டும் குறைவு. மிச்சம் 96 டாலர், விலை ரூ.89.55. கைக்கு வருவது ரூ.8,596.80.

கமிஷன் அதிகம் கேட்டவரிடமே ரூ.172.80 கூடுதலாகக் கிடைக்கிறது. முதல் மாதத்தில் சிறு தொகை ஒன்றை வரவழைத்து, அன்றைய சந்தை விலையுடன் ஒப்பிட்டுப் பார்த்தால் எந்த நிறுவனத்தின் உண்மை விலையும் தெரிந்துவிடும்.

இன்னும் இரண்டு விஷயம். சதவீதத்தோடு ஒவ்வொரு வரவுக்கும் நிலையான ஒரு சிறு தொகையும் பிடிப்பார்கள். அது 30 சென்ட் என்றால் 100 டாலர் விற்பனையில் தெரியாது. 5 டாலர் விற்பனையில் அதுவே 6 சதவீதம். சிறு பொட்டலங்களைத் தனித்தனியே விற்காமல் சேர்த்துக் கட்டி விற்பது நல்லது. சேவைக் கட்டணத்தின் மீது 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு என்பதையும் விலை நிர்ணயிக்கும்போதே சேர்த்துக் கொள்ள வேண்டும்.

நான்காவது கேள்வி: தகராறு வந்தால்?

உள்ளூரில் பணம் கல்லாவில் விழுந்தால் முடிந்தது. வெளிநாட்டு அட்டை வியாபாரத்தில் அப்படியில்லை. 'சரக்கு வரவில்லை', 'சொன்னபடி இல்லை' என்று வாங்கியவர் முறையிட்டால், கொடுத்த பணத்தைத் திரும்ப எடுத்துக் கொள்ள வழி உண்டு. பேபாலில் பணம் கட்டிய நாளிலிருந்து 180 நாள் வரை இவ்வாறு முறையிடலாம். அப்போது நம்மைக் காப்பது ரசீதும் தபால் கண்காணிப்பு எண்ணும்தான்.

நம் தவறே இல்லாமலும் தாமதம் வரும். 2025 ஆகஸ்டு 29 முதல், 800 டாலர் வரையிலான பொட்டலங்களுக்கு இருந்த சுங்கச் சலுகையை அமெரிக்கா நீக்கியது. அதையொட்டி ஆகஸ்டு 25 முதல் இந்திய அஞ்சல் துறை அமெரிக்காவுக்கான பெரும்பாலான பொட்டலங்களை ஏற்பதை நிறுத்தியது. அக்டோபர் 15-ல்தான் மீண்டும் தொடங்கியது. இத்தகைய நேரத்தில் முன்பணம் வாங்கிய வியாபாரி வாடிக்கையாளருக்கு உடனே தெரிவித்து, காத்திருக்கச் சம்மதம் பெற வேண்டும் அல்லது தாமே பணத்தைத் திருப்பித் தர வேண்டும். மறைத்தால் தகராறு, தகராறு பெருகினால் கணக்கு முடக்கம்.

'பணம் கட்டப்பட்டது' என்று மின்னஞ்சலோ படமோ வந்ததை நம்பிச் சரக்கு அனுப்புவதும் கூடாது. நமது கணக்கைத் திறந்து வரவைப் பார்த்த பிறகே பொட்டலம் கட்ட வேண்டும்.

யாருக்கு எது பொருந்தும்?

சில்லறையாகப் பத்து, ஐம்பது, நூறு டாலர் ஆர்டர் வருபவர்களுக்கு ஒப்புதல் பெற்ற இணைய வசூல் சேவை ஏற்றது. மொத்தமாக அனுப்புபவர்களுக்கு வங்கி வழி நேரடி மாற்றே மேல். வங்கி வழியில் இடைவங்கிக் கட்டணம் எல்லாம் சேர்ந்து 25 டாலர் ஆகிறதென்று கொண்டால், 100 டாலருக்கு அது கால் பங்கு. 5,000 டாலருக்கு அரை சதவீதம்தான். வாங்குபவர் ஒருவர், பணம் அனுப்புபவர் வேறொருவர் என்றால் வங்கியில் முன்னரே சொல்லிவிடுவது நலம்.

தொடங்கும் முன்

1. ஏற்றுமதி-இறக்குமதிக் குறியீட்டு எண் (ஐ.இ.சி.) பெறுங்கள். கட்டணம் ரூ.500. ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் அதை இணையத்தில் உறுதி செய்ய வேண்டும்.

2. கடையின் பெயரில் நடப்புக் கணக்கு இருக்கட்டும். எல்லா வங்கிக் கிளைகளிலும் அன்னியச் செலாவணிப் பிரிவு இருக்காது. எந்தக் கிளை இதைக் கவனிக்கிறது என்று கேட்டு வையுங்கள்.

3. ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவர்கள் உறுதிமொழிக் கடிதம் (எல்.யு.டி.) தாக்கல் செய்தால் வரி கட்டாமலே ஏற்றுமதி செய்யலாம்.

4. தபாலில் அனுப்புவோர், அஞ்சல் துறை 2022-ல் தொடங்கிய ஏற்றுமதி மையங்கள் பற்றித் தலைமைத் தபால் நிலையத்தில் விசாரிக்கலாம். ஏற்றுமதி பில்லை அங்கு இணையம் வழியே பதியலாம்.

5. ஆர்டர், பில், தபால் ரசீது, வரவுச் சான்று நான்கையும் ஒரே கோப்பில் வரிசை எண் போட்டு வையுங்கள்.

6. வந்த பணத்தைச் சேவைக் கணக்கில் தேங்க விடாதீர்கள். இரண்டாவது வழியாக வங்கி மாற்று எப்போதும் தயாராக இருக்கட்டும்.

முதல் ஆர்டர் ஐம்பது டாலராக இருந்தாலும், இந்த ஏற்பாட்டை அப்போதே செய்து கொள்ளுமாறு வணிக அன்பர்களைக் கேட்டுக் கொள்கிறோம். வியாபாரம் பெருகிய பிறகு பழைய கணக்கைச் சீர் செய்வது மிகவும் கடினம்.