ஜெமிமாவா, மாராவா?



பெண் குழந்தை பிறந்திருக்கிறாள் என்று அறிந்து சந்தோஷம். ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது, பெயர்தான் முடிவாகவில்லை என்கிறீர்கள். உங்கள் பட்டியலில் மாரா, எஸ்தர், ஜெமிமா. உங்கள் மாமியார் கேட்பது கிருபை.

முதலில் மாராவை அடித்துவிடுங்கள். மோவாபில் கணவனையும் இரண்டு மகன்களையும் பறிகொடுத்துவிட்டுப் பெத்லகேமுக்குத் திரும்பிய நகோமி, இனி என்னை மாரா என்று கூப்பிடுங்கள் என்று ஊர்ப் பெண்களிடம் அழுத பெயர் அது. கசப்பு என்று அர்த்தம். சின்னதாக, புதிதாக இருக்கிறது என்பதற்காக அதைப் பச்சைக் குழந்தைக்கு வைப்பானேன்? நகோமி என்றே வைக்கலாம். இனிமை.

எஸ்தருக்கு நட்சத்திரம் என்று பொருள் சொல்வார்கள். பாபிலோனியரின் இஷ்தார் தேவதையின் பெயரிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. யாராவது இதைச் சொல்லிப் பயமுறுத்தினால் கலங்காதீர்கள். அழைப்பில்லாமல் ராஜா முன் போனால் தலை போகும் என்று தெரிந்தும் தன் ஜனத்துக்காகப் போனவள் அவள். அந்தப் பெயருக்கு அதைவிட என்ன அர்த்தம் வேண்டும்?

என் ஓட்டு ஜெமிமாவுக்கு. நம் பழைய வேதாகமத்தில் எமீமாள். இன்று கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு ஜெமிமா ரோட்ரிக்ஸ் நினைவுக்கு வருவார். யோபுவின் கடைசி அதிகாரத்தை எடுத்துப் படியுங்கள். எல்லாம் இழந்த மனிதனுக்குத் திரும்பவும் ஏழு மகன்கள், மூன்று மகள்கள். மகன்களில் ஒருவன் பெயர்கூட அங்கே இல்லை. மகள்களின் பெயர் மட்டும் வரிசையாக வருகிறது. மூத்தவள் எமீமாள், புறா. அடுத்தவள் கெத்சீயாள், லவங்கப்பட்டை மாதிரி ஒரு வாசனைப் பட்டை. கடைசிப் பெண்ணின் பெயர் கண்ணுக்கு மை வைத்திருக்கும் கொம்பு! புண்ணோடு சாம்பலில் உட்கார்ந்திருந்த அப்பாவுக்கு வாசனையும் கண்மையும் தோன்றியிருக்கிறது பாருங்கள். அதோடு விடவில்லை, அண்ணன் தம்பிகளோடு மகள்களுக்கும் சொத்தில் பங்கு கொடுத்தான். திருவிதாங்கூர் சிரியன் கிறிஸ்தவப் பெண்களுக்கு அந்த உரிமை கிடைக்க, மேரி ராய் வழக்கில் 1986-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது.

மாமியாரின் கிருபையையும் பழசு என்று தள்ளாதீர்கள். சாமுவேலைப் பெற்ற அன்னாளின் பெயருக்கும் அதேதான் பொருள். பைபிளில் இருந்தால்தான் கிறிஸ்தவப் பெயர் என்றும் இல்லை. 1778-ல் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்ற கோகிலா என்ற பிராமண விதவைக்கு இட்ட பெயர் குளோரிந்தா. வேதத்தில் எந்த மூலையிலும் அது கிடையாது. பாளையங்கோட்டை சபை அவரிடமிருந்துதான் வளர்ந்தது. அவர் கட்டிய கோயில் இன்றும் இருக்கிறது.

ஜெமிமா கிருபை என்று இரண்டையும் சேர்த்து வைத்தால் வீட்டிலும் சண்டை இல்லை.

ஒரு காரியம் மறக்க வேண்டாம். பிறப்புச் சான்றிதழில் பெயரை, பிறப்பைப் பதிவுசெய்த 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். பிறகு தாமதக் கட்டணம் உண்டு. சபைப் பதிவேட்டில் எழுதும் அதே ஆங்கில எழுத்துகளையே அங்கேயும் கொடுங்கள். இல்லாவிட்டால் பாஸ்போர்ட் எடுக்கும்போது அலைய நேரும்.