முகம், பெயர், பிறந்த ஊர்: விழுப்புரம் – திண்டிவனம் வட்டாரத்தில் கலப்பு மரபும் பிரெஞ்சுக் குடியுரிமையும்

முன்னுரை

உலகமயம் என்னும் சொல் வழக்கிற்கு வரும் முன்பே கடல்கடந்த உலகோடு பிணைந்துவிட்ட நிலப்பகுதி, புதுச்சேரியும் அதனைச் சூழ்ந்த பழைய தென்னார்க்காடு மாவட்டமும் ஆகும். விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு 1879இல் இருப்புப்பாதை அமைந்தது. சென்னையிலிருந்து வரும் பெருவழி திண்டிவனத்தில் புதுச்சேரிக்குக் கிளை பிரிகிறது. பிரெஞ்சு ஊர்களும் ஆங்கிலேயர் ஆண்ட ஊர்களும் இங்கு ஒன்றினுள் ஒன்றாகக் கிடந்தன. பெண் கொடுத்தலும் கொள்ளலும் இரு ஆட்சிகளுக்கு இடையே இயல்பாக நிகழ்ந்தன. இவ்வட்டார மக்களின் அடையாளத்தை முடிவுசெய்தது முகத்தோற்றமா, பதிவேடா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

உடையால் அமைந்த பெயர்

ஐரோப்பியருக்கும் இந்தியருக்கும் பிறந்தோரின் வழியினரைத் தமிழ் வழக்கு ‘சட்டைக்காரர்’ என்றது. நிறமோ கண்ணோ மூக்கோ அன்றி, உடுத்திய உடையே இச்சொல்லுக்கு அடியாயிற்று. ‘தொப்பாசு’ என்னும் பெயரைத் தொப்பியோடு தொடர்புபடுத்துவோரும், இருமொழியாளரைக் குறிக்கும் துபாஷி என்னும் சொல்லோடு தொடர்புபடுத்துவோரும் உளர். முன்னது உடை, பின்னது மொழி. இரண்டும் பிறப்பால் வருவன அல்ல, மேற்கொள்ளத்தக்கன. கலப்பு மரபினரைக் குறிக்கும் சொற்களிலேயே முகம் இடம்பெறாமை கருதத்தக்கது.

ஆணையால் அமைந்த பெயர்

ஐரோப்பியக் காலணி அணிந்து நீதிமன்றத்துள் நுழைந்ததற்காக 1873இல் தடுக்கப்பட்ட புதுச்சேரி வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை, பிரான்சு வரை முறையிட்டு வென்றார். 1881 செப்டம்பர் 21ஆம் நாள் ஆணை, இந்தியர் தம் மரபுவழித் தனிநிலைச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்கவும் குடும்பப்பெயர் சூடவும் வழிவகுத்தது. பொன்னுத்தம்பிப் பிள்ளை ‘வாயில்’ எனப் பொருள்படும் ‘லாபோர்த்’ என்னும் பெயரை ஏற்றார். தமிழ் முகமும் பிரெஞ்சுப் பெயரும் ஓராளிடத்தே அமைந்தன. இவ்வாறு துறந்தோர் வழியினர் பலர் சைகோனில் அரசுப் பணியும் படைப்பணியும் ஏற்றனர். சிலர் வியட்நாமியப் பெண்களை மணந்தனர். அவர்தம் மக்கள் முகத்தால் தாய்வழியைக் காட்டினும், பதிவேட்டில் புதுச்சேரிக் குடும்பத்தினராகவே நின்றனர்.

ரீயூனியன் தீவில் இதன் மறுதலையைக் காணலாம். அங்கு 1848இல் அடிமைமுறை ஒழிந்தபின் ஒப்பந்தக் கூலிகளாகப் பெருந்தொகையினராய்ச் சென்ற தமிழரின் ஆட்பெயர்களே குடும்பப்பெயர்களாக உறைந்தன. ஆப்பிரிக்க, ஐரோப்பிய மரபினரோடு தலைமுறைதோறும் கலந்த குடும்பங்களில் முகம் மாறிற்று. ‘ராமசாமி’ என்னும் பெயர் மாறவில்லை.

பிறந்த ஊரால் அமைந்த நாடு

புதுச்சேரியின் ஆட்சி 1954 நவம்பர் 1இல் இந்தியாவிடம் வந்தது. 1956 மே 28இல் கையெழுத்தான ஒப்படைப்பு ஒப்பந்தம் 1962 ஆகஸ்டு 16இல் நடைமுறைக்கு வந்தது. பிரெஞ்சுப் பகுதியில் பிறந்து, அங்கேயோ இந்திய ஒன்றியத்திலோ வாழ்ந்த பிரெஞ்சுக் குடிமக்கள் இந்தியராயினர். பிரெஞ்சுக் குடியுரிமையை விரும்பியோர் ஆறு திங்களுக்குள் எழுத்துவழி அறிவிக்க வேண்டியிருந்தது. பிரெஞ்சுப் பகுதிக்கு வெளியே பிறந்த பிரெஞ்சுக் குடிமக்களை அவ்விதிகள் சுட்டவில்லை. ஆதலின் அவர்கள் அறிவிப்பு ஏதுமின்றியே பிரெஞ்சுக் குடிமக்களாக நீடித்தனர் என்பது பிரெஞ்சுச் சட்டத்தின் நிலைப்பாடு.

இவ்விடத்தில் தமிழர் வழக்கம் ஒன்று பன்னாட்டுச் சட்டத்தோடு குறுக்கிடுகிறது. தலைப்பிரசவத்திற்குப் பெண் தாய்வீடு செல்வது மரபு. புதுச்சேரியின் பிரெஞ்சுக் குடும்பம் ஒன்றில் வாழ்க்கைப்பட்ட திண்டிவனத்துப் பெண், தலைமகனைத் தாய்வீட்டிலும் இளையவனைக் கணவன் வீட்டிலும் ஈன்றாள் எனக் கொள்வோம். 1962இல் இருவரும் வயது வந்தோராயின், மூத்தவன் வாளாவிருந்தே பிரெஞ்சுக் குடிமகனாக நீடிப்பான். இளையவன் காலக்கெடுவைத் தவறவிட்டால் இந்தியனாவான். ஒரே முகச்சாயல், ஒரே மொழி, ஒரே அடுக்களை. நாடு மட்டும் இரண்டு. அவ்வேறுபாடு அவர்தம் வழியினர் குடிபெயரும் உரிமை வரை தொடர்கிறது.

முடிவுரை

இவ்வட்டாரத்தில் முகம் மரபைச் சொல்லலாம், உரிமையைச் சொல்லவில்லை. உடை, பெயர், பிறந்த ஊர் ஆகியவையே அடுத்தடுத்து அப்பணியை ஏற்றன. முகப்படமும் கைரேகையும் கருவிழியும் அடையாளச் சான்றாகப் பதிவாகும் இந்நாளிலும், ஒருவர் ‘இன்னார்’ என உறுதிசெய்யும் அப்பதிவு, அவர் ‘எவ்விடத்தார்’ என்னும் வினாவைப் பிறப்புச் சான்றிடமே விட்டுவிடுகிறது. ஆகவே கலப்பு மரபு பற்றிய ஆய்வு புதுச்சேரியின் கடற்கரைத் தெருக்களோடு நின்றுவிடலாகாது. விழுப்புரம், திண்டிவனம், வானூர்ப் பகுதிகளின் பிறப்புப் பதிவேடுகளையும், மகளைப் பிரசவத்திற்கு அழைத்துவந்த தாய்வீடுகளின் வாய்மொழி வரலாறுகளையும் அது தன் மூலங்களாகக் கொள்ளுதல் வேண்டும். 1962இல் முடிவெடுத்த தலைமுறையினர் முதுமை எய்திவிட்டமையின், இப்பணி காலத்தாழ்வைப் பொறுக்காது.