கூட்டு மருந்தும் கல்லீரலும்: புதிய ஆலோசகர்களுக்கு

கூட்டு மருந்து சிகிச்சை மையத்தில் புதிதாகப் பணிக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளே, எச்.ஐ.வி.யோடு ஹெபடைடிஸ் பி-யும் சேர்ந்திருப்பவர்கள் உங்கள் முன் வந்து உட்காருவார்கள். இரத்தம், உடலுறவு, பிரசவம் என்று இரண்டும் ஒரே வழிகளில்தான் பரவுகின்றன.

1. அவர்களுடைய சிகிச்சை அட்டையில், ஹெபடைடிஸ் பி-யைக் கண்டறியும் எச்.பி.எஸ்.ஏ.ஜி. பரிசோதனையின் முடிவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் மருத்துவரிடம் சொல்லி எடுக்க வையுங்கள். "எனக்கு மஞ்சள் காமாலை வந்ததே இல்லையே" என்பார்கள். அதை நம்பி விட்டுவிடாதீர்கள். கண்ணில் துளி மஞ்சள் காட்டாமலே பல ஆண்டுகள் கல்லீரலைக் கெடுக்கும் நோய் இது.

2. இரண்டு தொற்றும் உள்ளவர் தினமும் போடும் ஒரே மாத்திரையில் டெனோஃபோவிர் 300 மி.கி., லாமிவுடின் 300 மி.கி., டோலுடெக்ராவிர் 50 மி.கி. இருக்கின்றன. முதல் இரண்டும் ஹெபடைடிஸ் பி கிருமியையும் அடக்குகின்றன. இதை அவரே திருப்பிச் சொல்லும்வரை பொறுமையாக விளக்குங்கள். வெளியூர் வேலை, வீட்டுச் சண்டை, "உடம்பு தேறிவிட்டது" என்ற எண்ணம் என்று மருந்தை விடக் காரணங்கள் பல. விட்டால் எச்.ஐ.வி. மறுபடி பெருகும் என்பது எல்லோருக்கும் பொதுவான ஆபத்து. இவருக்கு அதோடு, அடங்கிக் கிடந்த ஹெபடைடிஸ் பி-யும் சீறி எழுந்து கல்லீரலே செயலிழந்துபோகலாம்.

3. மருந்து மாற்றும் நாளில் இரட்டிப்புக் கவனம் வேண்டும். எச்.ஐ.வி. பழைய மருந்துக்குக் கட்டுப்படாமல் போய் இரண்டாம் கட்ட சிகிச்சைக்கு மாற்றினாலும், கல்லீரலுக்காக டெனோஃபோவிர் தொடர வேண்டியிருக்கும். சிறுநீரகம் பாதிக்கப்பட்டு அதை நிறுத்த நேர்ந்தால், என்டெகாவிர் போல ஹெபடைடிஸ் பி-க்கு வேலை செய்யும் வேறு மருந்து சேர வேண்டும். லாமிவுடினை மட்டும் நம்பினால், சில ஆண்டுகளில் கிருமி அதற்குப் பழகிவிடும். டெனோஃபோவிர் இல்லாத இருமருந்து மாத்திரையும், கபோடெக்ராவிர்–ரில்பிவிரின் ஊசியும் எச்.ஐ.வி.க்கு நல்லவைதான். ஆனால் அவற்றை மட்டும் கொடுத்தால் இவர்களுடைய கல்லீரலுக்குக் காவல் போதாது. "இவருக்கு பி இருக்கிறது, டெனோஃபோவிர் தொடர்கிறதா டாக்டர்?" என்று கேளுங்கள். வயதில் சிறியவர் கேட்கலாமா என்ற தயக்கமே வேண்டாம். அந்த ஒரு கேள்வி உயிரைக் காக்கும்.

4. சிகிச்சை தொடங்கிய முதல் மாதங்களில் கல்லீரல் நொதி ஏறினால் "மருந்து ஒத்துக்கொள்ளவில்லை" என்று நீங்களாக முடிவுகட்டாதீர்கள். எதிர்ப்பு சக்தி திரும்பி, ஹெபடைடிஸ் பி-யோடு மோதுவதாலும் ஏறும். காசநோய் மாத்திரைகளாலும் ஏறும். பிரித்தறிவது மருத்துவர் வேலை. பசியின்மை, வாந்தி, அடர்நிறச் சிறுநீர், மஞ்சள் கண் என்று யார் சொன்னாலும் அன்றைக்கே மருத்துவரிடம் அனுப்புங்கள்.

5. கீழாநெல்லி பற்றிக் கேட்காதவர் இல்லை. கேலி செய்யாதீர்கள். 1988-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டறிந்த நோபல் பரிசாளர் பிளம்பெர்க்குடன் சேர்ந்து, 'லான்செட்' இதழில் கீழாநெல்லி பற்றி நம்பிக்கையூட்டும் முடிவை வெளியிட்டார்கள். பின்னால் வேறு இடங்களில் நடந்த ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. இந்த வரலாற்றை மரியாதையோடு சொல்லி, கீழாநெல்லியை நம்பி மாத்திரையை விடக் கூடாது என்பதையும் சொல்லுங்கள்.

6. மது கூடாது. கொஞ்சமும் கூடாது.

7. யாருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை கல்லீரல் ஸ்கேன் தேவை என்று மருத்துவரிடம் கேட்டு அட்டையில் குறியுங்கள். ஹெபடைடிஸ் பி உள்ளவருக்குக் கல்லீரல் சுருங்கும் முன்பே புற்றுநோய் வரலாம்.

8. எச்.ஐ.வி. இருந்து ஹெபடைடிஸ் பி இல்லாதவருக்குத் தடுப்பூசி போட வையுங்கள். இவர்களுக்கு ஊசி சற்றுக் குறைவாகவே பிடிக்கும் என்பதால், பிறகு எதிர்ப்பொருள் அளவையும் பார்க்க வேண்டும். தாய்க்கு ஹெபடைடிஸ் பி இருந்தால், குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசியும் இம்யூனோகுளோபுலினும் கிடைக்கப் பிரசவத்துக்கு முன்பே ஏற்பாடு செய்யுங்கள். நோயாளியின் சம்மதம் இல்லாமல் வீட்டாரிடம் எதையும் சொல்லக் கூடாது. 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் அதைத் தடுக்கிறது. அவரிடமே பேசி, துணைவரையும் பிள்ளைகளையும் பரிசோதனைக்கு அழைத்துவரச் சொல்லுங்கள்.