ஆச்சி வெற்றிலை மெல்லும்போது

அன்பு மருமகளுக்கு,

ஆச்சி வெற்றிலை மெல்லத் தொடங்கினால் நீ சோற்றுத் தட்டோடு எழுந்து முற்றத்துக்குப் போய்விடுகிறாய் என்று அக்கா போனில் சொன்னாள். வீட்டில் அதைக் கொழுப்பு என்கிறார்களாம். கொழுப்பு இல்லை தாயி.

சீசனில் குற்றாலம் பேரருவியின் இரைச்சலுக்கு அடியிலேயே நின்று குளிக்கிறாய். சூரியகாந்தி பூத்து சுந்தரபாண்டியபுரம் வேனும் காருமாக நெரியும்போதும் நீ காதைப் பொத்துவதில்லை. வெடி, குக்கர் விசில் என்று எந்தப் பெரிய சத்தத்துக்கும் காது கூசுகிறவர்கள் உண்டு. அது வேறு கோளாறு. உன்னுடையது மிசோபோனியாவாக இருக்கலாம். 2001-இல் யாஸ்ட்ரெபாஃப் தம்பதியர் வைத்த பெயர் அது. 2022-இல் வல்லுநர் குழு ஒன்று வரையறையும் தந்தது: குறிப்பிட்ட சில சத்தங்களை மட்டும் தாங்க முடியாமல் போவது. மெல்லுவது, உறிஞ்சுவது, மூக்கை இழுப்பது என்று பெரும்பாலும் மனிதரின் வாயிலும் மூக்கிலும் பிறப்பவை. சத்தம் சின்னதானாலும் கோபமும் அருவருப்பும் பொங்கும், நெஞ்சு படபடக்கும். யார் எழுப்பும் சத்தம் என்பதும் கணக்கில் வரும். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் முறுக்கு கடித்தால் சும்மா இருக்கிற நீ, ஆச்சியிடம் சீறுகிறாயே, அப்படி.

நியூகாசில் பல்கலைக்கழகத்தின் சுக்பிந்தர் குமார் குழு 2017-இல் இப்படிப்பட்டவர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தது. சத்தம் கேட்டதும், எதைக் கவனிக்க வேண்டும் என்று முடிவு செய்யும் பகுதி அளவு மீறி வேலை செய்தது, இதயத்துடிப்பும் ஏறியது. 2021-இல் இன்னொன்று தெரிந்தது. கேட்கும் பகுதிக்கும், வாயையும் தொண்டையையும் அசைக்கும் பகுதிக்கும் இவர்களிடம் இணைப்பு கூடுதல். ஆச்சி மெல்லுகிறாள், உன் மூளையில் உன் வாய்க்கான இடமும் சேர்ந்து கிளம்புகிறது. யாரோ உனக்குள் அத்துமீறி நுழைந்ததுபோல் நீ துடிப்பது இதனால் இருக்கலாம். நீ வேண்டுமென்று செய்யவில்லை என்பதற்கு எனக்கு இதுவே போதும்.

வெளிநாட்டு நோய் என்றும் யாரும் தள்ள முடியாது. மைசூரில் உள்ள அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவன ஆய்வாளர்கள் அங்குள்ள பல்கலைக்கழக மாணவர்களிடமே இதைக் கண்டிருக்கிறார்கள்.

நாள் முழுக்க இயர்போனை மாட்டிக்கொள்ளாதே. அமைதிக்குப் பழகிய காதுக்குச் சின்னச் சத்தமும் பெரிதாகும். சாப்பிடும்போது ஃபேனோ ரேடியோவோ ஓடட்டும். கோபம் இல்லாத நேரம் பார்த்து ஆச்சியிடம் நீயே சொல். திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலில் காதைப் பரிசோதிப்போம், பிறகு மனநலப் பிரிவு. எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சிகிச்சை ஆம்ஸ்டர்டாமில் நடந்த ஆய்வில் பலன் தந்திருக்கிறது. மனநல மருத்துவக் கையேடுகளில் இந்தப் பெயர் இன்னும் ஏறவில்லை. டாக்டருக்குப் புதிதாக இருக்கலாம். அதனால் எந்தச் சத்தம், யாருடையது, உடம்பு என்ன செய்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி வை. போகும்போது நானும் வருகிறேன்.

உன் மாமா