வாடகை வீட்டைப் பார்வையிடச் செல்லும் முன்

சிட்னியின் மேற்குப் புறநகர்களில் வாடகை வீடுகளைப் பார்வையிடுவதற்குப் பெரும்பாலும் சனிக்கிழமைகளில் பதினைந்து நிமிட அளவிலேயே நேரம் ஒதுக்கப்படுகிறது. வெண்ட்வேர்த்வில், வெஸ்ட்மீட், டூங்காபி போன்ற இடங்களில் ரயில் நிலையத்துக்கு அண்மையிலுள்ள வீடாயின் வாசலிலேயே வரிசை நின்றுவிடும். என்னென்ன ஆவணங்கள் வேண்டும், எப்போது குடிபுகலாம் என்று முகவரிடம் விசாரிப்பதிலேயே அந்த நேரத்தைச் செலவிடுபவர் வீட்டைப் பார்ப்பதில்லை. அவற்றைத் தொலைபேசியிலோ மின்னஞ்சலிலோ முதல் நாளே கேட்டறியலாம். பிள்ளைகள் உள்ள குடும்பத்தினர், அம்முகவரி எந்த அரசுப் பள்ளியின் எல்லைக்குள் வருகிறது என்பதையும் முன்னதாகவே பார்த்துவிடுவது நல்லது. தெருவின் ஒரு பக்கம் ஒரு பள்ளிக்கும் மறுபக்கம் இன்னொரு பள்ளிக்கும் உரியதாக இருப்பதுண்டு.

அடையாள ஆவணங்கள், விசா அனுமதிக் கடிதம், அண்மைய சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்கு அறிக்கை ஆகியவற்றை முன்கூட்டியே தொகுத்து வைத்திருப்பவர் அன்று மாலையே விண்ணப்பித்துவிடலாம். புதிதாக நாட்டுக்கு வந்தோருக்கு உள்ள பெரிய இடர்ப்பாடு, இங்கு முன்பு வாடகைக்கு இருந்ததற்கான சான்று இல்லாமையே. அத்தகையோர் வேலை நியமனக் கடிதம், சேமிப்பைக் காட்டும் வங்கி அறிக்கை, மேலாளரின் பரிந்துரைக் கடிதம் ஆகியவற்றை இணைக்கலாம். உறவினர் வீட்டிலோ பகிர்வு வீட்டிலோ அறை வாடகை செலுத்தியிருந்தால், அதற்கான வங்கிப் பரிமாற்றப் பதிவும் உதவும். வெறும் வாய்மொழி உறுதியைவிட அப்பதிவு வலுவானது.

வீட்டினுள் முதலில் கவனிக்க வேண்டியது திசை. இலங்கையிலோ தமிழ்நாட்டிலோ பழகிய கண்ணுக்கு இங்கே கணக்கு மாறிவிடுகிறது. தென் அரைக்கோளத்தில் குளிர்கால வெயில் வடக்கிலிருந்து வருவதால், வடக்கு நோக்கிய அறைகள் இதமாக இருக்கும். தெற்கு நோக்கிய அறைகள் குளிர்ந்து, ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்க இடமுண்டு. மேற்கு நோக்கிய படுக்கையறையோ கோடையில் வெப்பநிலை நாற்பது பாகையைத் தாண்டும் நாட்களில் இரவிலும் தணியாது.

பூஞ்சணத்தை மூலைகளிலும், அலமாரிகளின் பின்புறத்திலும், சன்னல் சட்டங்களிலும், குளியலறைக் கூரையிலும் தேட வேண்டும். ஒரு சுவர் மட்டும் புதிதாக வண்ணம் பூசப்பட்டிருந்தால், காரணத்தைக் கேட்பது தவறன்று. அதன்பின் சமையலறைத் தொட்டியின் கீழ்க் கதவைத் திறந்து கசிவு உண்டா என்று பார்க்கலாம். சுடுநீர்க் குழாயைத் திறந்து எவ்வளவு நேரத்தில் சூடாகிறது என்றும் அறியலாம். நாள்தோறும் தாளிக்கும் வீட்டுக்கு அடுப்பின் மேலுள்ள புகைபோக்கி வெளியே காற்றை விடுகிறதா, அறைக்குள்ளேயே திருப்பி விடுகிறதா என்பது முக்கியம். புகை எச்சரிக்கைக் கருவி கட்டாயம் இருக்க வேண்டும். ஸ்ட்ராட்டா அடுக்குமாடிகளில் குழந்தைகள் விழும் ஆபத்துள்ள சன்னல்கள் 12.5 சென்டிமீட்டருக்குமேல் திறவாதபடி பூட்டும் சாதனமும் சட்டப்படி இருத்தல் வேண்டும்.

கம்பளத்தைக் கழுவித் தருவோம், அடுப்பைத் திருத்தித் தருவோம் என்று முகவர் சொன்னால், அன்றே மின்னஞ்சலில் அதைக் குறிப்பிட்டு எழுத்தில் பதில் பெறுக. ஒப்பந்தத்தில் கையொப்பமிட்ட பின்னர் அந்த வாக்குறுதியை நிரூபிப்பது எளிதன்று.

பார்வையிடும் இடத்தில் பணம் எதுவும் கொடுக்கத் தேவையில்லை. நியூ சவுத் வேல்ஸ் சட்டப்படி, வீட்டை நிறுத்திவைப்பதற்கான முன்பணத்தை விண்ணப்பம் ஏற்கப்பட்ட பின்னரே கேட்கலாம். அதுவும் ஒரு வார வாடகைக்கு மேற்படக்கூடாது. 'பொண்ட்' எனப்படும் பிணைத்தொகை நான்கு வார வாடகைக்குள் அடங்க வேண்டும். வார வாடகை 600 டாலராயின் பிணைத்தொகையின் உச்சம் 2,400 டாலர். அது முகவரின் கையில் தங்காது, நியூ சவுத் வேல்ஸ் ஃபெயார் டிரேடிங்கிடம் வைப்பிலிடப்படுகிறது. வாடகைதாரரே இணையவழியாக நேரடியாகச் செலுத்தவும் இயலும். விளம்பரத்தில் உள்ள வாடகையைவிடக் கூடுதலாகத் தருமாறு முகவர் கோருவது சட்டவிரோதம். வெளிநாட்டில் இருப்பதாகக் கூறி, வீட்டைக் காட்டாமலே பணம் அனுப்பினால் சாவி வரும் என்று எழுதுபவர் பெரும்பாலும் ஏமாற்றுக்காரரே.

பார்வையிடும்போது, முகவரின் இசைவுடன், சுவர்க்கீறல், கறை, உடைந்த கைப்பிடி ஆகியவற்றைப் படமெடுத்து வைப்பவருக்கு இன்னொரு பயனும் உண்டு. வீடு கிடைத்ததும் தரப்படும் நிலை அறிக்கையில் இக்குறைகளைக் குறித்து, ஏழு நாட்களுக்குள் அதன் பிரதியொன்றைத் திருப்பித் தர வேண்டும். அறிக்கையில் இடம்பெறாத பழைய கறைக்காக, வெளியேறும் நாளில் பிணைத்தொகையிலிருந்து பணம் கழிக்க வீட்டுரிமையாளர் கோரக்கூடும்.

சட்ட ஐயங்களுக்கு ஃபெயார் டிரேடிங்கை 13 32 20 என்ற எண்ணில் அழைக்கலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுவோர் முதலில் 131 450 என்ற எண்ணுக்கு அழைத்து, 'தமிழ்' என்று மொழியைச் சொல்லி, மேற்கண்ட எண்ணுடன் இணைக்குமாறு கேட்க வேண்டும்.